தீவுக்குப் பட்ட கடன்

வெயில்

பாஃபோஸ் நகருக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது நான் தங்கியிருக்கும் கிராமம். கீழே கடல் தெரியும். காலையிலேயே வெயில் கல்சுவர்களில் ஏறிவிடுகிறது. சைப்ரஸில் ஆண்டுக்கு 300 நாளுக்கு மேல் வெயில் என்று சொல்லித்தான் வெளிநாட்டாருக்கு வீடு விற்கிறார்கள். அதில் பொய்யில்லை. இங்கிலாந்தின் மழையிலும் இருட்டிலும் நாற்பது ஆண்டு உழைத்துக் களைத்த ஒருவர், இந்த வெயிலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். முகத்தில் பல வருடத்து இறுக்கம் தளர்கிறது. முதுமைக்கு இது பெரிய ஆறுதல்தான்.

ஆனாலும் வெயில் யாரையும் ஊர்க்காரர் ஆக்கிவிடுவதில்லை. வந்தவர், இருந்தவர் என்று பார்க்காமல் எல்லார்மேலும் விழுகிறது. யாரிடமும் எதையும் கேட்பதில்லை. எதையும் கேட்காத ஒன்றோடு உறவு வளர்வதில்லை. இந்த ஊரில் யாருக்கெல்லாம், எதற்கெல்லாம் கடன்பட்டிருக்கிறோம் என்று தெரியத் தொடங்கும்போதுதான் நமக்கும் ஊருக்கும் உறவு தொடங்குகிறது. அந்தக் கடன்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கவே இந்தக் குறிப்புகள்.

ஜனவரி

வெயிலை நம்பி வந்தவர்கள் முதல் ஜனவரியில் திகைத்துப்போகிறார்கள். ட்ரூடோஸ் மலையின் உச்சி 1,952 மீட்டர். குளிர்காலத்தில் அங்கே பனி விழும். சறுக்கி விளையாட ஆட்கள் போவார்கள். இரவானால் குளிர் இந்தச் சரிவுகளிலும் இறங்கிவிடுகிறது. கடற்கரையோரம் புதிதாகக் கட்டிய வில்லாக்கள் பல, கோடையை மட்டும் நினைத்துக் கட்டியவை. தரையெல்லாம் டைல்ஸ், மெல்லிய சுவர், கடலைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல். சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டரை அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போகிறார்கள். சுவர் மூலைகளில் ஈரம் கறுப்பாகப் படிகிறது.

கிராமத்துப் பழைய வீடு வேறு மாதிரி. தடித்த கல்சுவர். வடக்கே சின்னச் சன்னல். தெற்கே வளைவுகள் வைத்த தாழ்வாரம். கோடையில் உச்சிக்குப் போகும் சூரியன் அந்தத் தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே வருவதில்லை. ஜனவரியில் தாழ்ந்து நகரும் சூரியன் அதே வளைவுகளுக்கு அடியில் நுழைந்து, அறையின் பின்சுவர்வரை போய்விடுகிறது. ஒரு பகல் முழுக்கச் சுவர் வாங்கிவைத்த சூட்டை இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது.

இதைக் கட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத அந்தக் கொத்தனார்கள் கற்றுவைத்ததில்தான் இன்று நான் சுகமாகத் தூங்குகிறேன். அது முதல் கடன்.

நீர்

இந்தத் தீவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் தண்ணீருக்குத்தான்.

நவம்பரிலிருந்து மார்ச்வரை பெய்வதுதான் பெரும்பாலும் மழை. கோடை முழுக்க வானம் வறண்டு கிடக்கும். 1960-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றதும், ஒரு சொட்டு நீரும் கடலுக்குப் போகக்கூடாது என்ற முழக்கத்தோடு அணை கட்டத் தொடங்கினார்கள். இன்று நூற்றுக்கு மேல் அணைகள் இருக்கின்றன. மிகப் பெரியது லிமசோலுக்கு மேலே உள்ள கூரிஸ் அணை, 1988-ல் கட்டி முடித்தது, 11.5 கோடி கனமீட்டர் கொள்ளும். அதற்காக அலாஸா என்ற கிராமத்தையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஊரின் புனித நிக்கோலாஸ் தேவாலயம் நீருக்குள் போனது. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்கி, தேவாலயம் வெளியே வந்து நிற்கும். வெடித்த வண்டலில் நடந்து அதன் வாசலுக்கே போய்விடலாம். படம் எடுக்க மக்கள் வருகிறார்கள். அப்படி நடந்து போக முடிகிற ஆண்டு, தீவின் குழாய்களில் தண்ணீர் குறைகிற ஆண்டு.

2008-ல் நிலைமை முற்றியது. கிரீஸிலிருந்து கப்பல் கப்பலாகக் குடிநீர் கொண்டுவந்து லிமசோலில் சேர்த்தார்கள். இப்போது குடிநீரில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. அதற்கு மின்சாரம் வேண்டும். இங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் எண்ணெயை எரித்தே வருகிறது. தீவின் வடபகுதிக்கு 2015 முதல் துருக்கியிலிருந்து கடலுக்கடியில் குழாய் போட்டுத் தண்ணீர் வருகிறது.

வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் ஒரு சூரியத் தகடும் ஒரு பீப்பாயும். பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மேல் குளிக்க வெந்நீர் இப்படித்தான் கிடைக்கிறது. வெயில் வேண்டிய மட்டும் உண்டு, நீர் அளந்துதான் உண்டு என்பதை அந்தப் பீப்பாய்களே சொல்லிவிடும். பக்கத்து வீட்டு அம்மா கீரை அலசிய நீரைச் சட்டியில் பிடித்து எலுமிச்சை மரத்தடியில் ஊற்றுகிறார். சற்றுக் கீழே, நான்கு வில்லாக்களுக்கு நான்கு நீச்சல்குளங்கள். அவற்றில் குளிக்கிறவர்கள் நல்லவர்கள்தான். எதிரில் கண்டால் நின்று பேசுகிறவர்கள். ஆனால் ஓர் ஊரில் எது அருமையோ அதை அளவாக எடுப்பதுதான் அந்த ஊருக்குக் காட்டும் முதல் மரியாதை. அதைச் சட்டம் கேட்பதில்லை. நாமாகச் செய்ய வேண்டும்.

பச்சை ஆலிவ்

அக்டோபரில் பக்கத்து வீட்டு அம்மா ஆலிவ் காய் தட்டுவதைப் பார்த்தேன். நன்றாகப் பழுக்காத பச்சைக் காய். வழவழப்பான ஒரு கல்லை எடுத்து, காய்க்கு ஒரு தட்டு. சதை பிளக்க வேண்டும், கொட்டை உடையக்கூடாது. தட்டியதையெல்லாம் தண்ணீரில் போட்டுத் தினமும் தண்ணீரை மாற்றுகிறார். அன்றன்றைக்கு ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார். கசப்பு முழுக்கப் போய்விடக்கூடாது. நாக்கில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடைசியில் உப்பு, எலுமிச்சைச் சாறு, பூண்டு, ஒன்றிரண்டாக நசுக்கிய கொத்தமல்லி விதை, மேலே ஆலிவ் எண்ணெய். அந்த வாசனை என் பாட்டியின் அம்மிக்கல் பக்கம் என்னைக் கொண்டுபோய் விட்டது.

அவர் இளம்பெண்ணாக லண்டனுக்குப் போனவர். சைப்ரஸ் பெண்கள் பலரைப் போல அங்கே தையல் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை. ஓய்வுபெற்றதும் பிறந்த ஊருக்குத் திரும்பிவிட்டார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லண்டனில். “இங்கே தனியாக இருக்கிறீர்களே” என்றேன். “தனியாகவா? தெருவில் ஏழு வீட்டுக்கு நான் ஆலிவ் தர வேண்டும். அவர்கள் தந்த ஜாடியெல்லாம் என்னிடம் இருக்கிறது. வெறும் ஜாடியாகவா திருப்பிக் கொடுப்பது?” என்றார்.

போன வருடம் எலுமிச்சை தந்தவர், மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர், கூரையில் ஓடு மாற்றிக் கொடுத்தவர் என்று ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு கணக்கு இருந்தது. அதை அவர் எழுதி வைத்ததில்லை. அடைத்துவிடவும் அவர் விரும்பவில்லை. தீராமல் இருப்பதால்தான் அந்தத் தெரு அவருடைய தெருவாக இருக்கிறது.

வீடு

வீட்டைப் பற்றி எழுதும்போது பேனா மெதுவாகிறது.

1974 ஜூலை 15 அன்று, அப்போது ஏதென்ஸை ஆண்ட ராணுவத்தின் தூண்டுதலால் தலைநகர் நிக்கோசியாவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. 20-ம் தேதி துருக்கியப் படை வடகரையில் இறங்கியது. வடக்கே இருந்த 1,50,000-க்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரஸ்காரர்கள் தெற்கே ஓடிவந்தார்கள். தெற்கே இருந்த 40,000-க்கும் மேற்பட்ட துருக்கிய சைப்ரஸ்காரர்கள் வடக்கே போனார்கள். இடையில் ஐ.நா. படை காக்கும் 180 கிலோமீட்டர் கோடு. சில நாளில் திரும்பிவிடலாம் என்று கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துவந்தவர்கள் உண்டு.

2003 ஏப்ரல் 23 அன்று கோட்டைக் கடக்க வழி திறந்தது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று கடந்து, இருபத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு தங்கள் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கதவைத் திறந்தவர் வேறு யாரோ. பல வீடுகளில் உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தார்கள். விட்டுப்போனவர்களின் கல்யாணப் படத்தைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்து கையில் கொடுத்தவர்களும் உண்டு. அந்த வீடுகளில் இருந்தவர்களும் பலர் தெற்கே தங்கள் வீட்டை இழந்தவர்களே.

இந்தத் துயரத்தின் நடுவேதான் ஓய்வுக்கால வீடுகள் விற்பனைக்கு வருகின்றன. வடக்கே கடலோரம், மலிவான விலை, அழகான மனை. லபிதோஸ் என்ற ஊரில் ஓர் ஆங்கிலத் தம்பதி அப்படி ஒரு மனையை வாங்கி வில்லா கட்டினார்கள். அந்த நிலம் 1974-ல் துரத்தப்பட்ட ஒரு கிரேக்க சைப்ரஸ்காரருடையது. அவர் நிக்கோசியாவில் வழக்குத் தொடுத்தார். வீட்டையும் நீச்சல்குளத்தையும் இடித்து நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு பிரிட்டனிலும் செல்லும் என்று 2009 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2010 ஜனவரியில் பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்களின் வலியும் வலிதான். ஆனால் அந்த மண்ணில் அதற்கு முன்பே வேறொருவரின் வாழ்நாள் இருந்தது.

தெற்கே வாங்கினால் மனம் நிம்மதி என்றும் இருந்துவிட முடியாது. பாஃபோஸ் மலைகளில் துருக்கிய சைப்ரஸ்காரர்கள் விட்டுப்போன கிராமங்கள் இருக்கின்றன. கூரை விழுந்த வீடுகளுக்குள் அத்திமரம் வளர்ந்திருக்கிறது. அந்தச் சொத்துகள் அரசின் பொறுப்பில் இருக்கின்றன; பலவற்றில் வடக்கிலிருந்து வந்த அகதிகளைக் குடிவைத்தார்கள். இன்னொரு பக்கம், கட்டுமானக்காரர் நிலத்தை வங்கியில் அடமானம் வைத்திருந்ததால், முழுப் பணம் கட்டியும் பத்திரம் கைக்கு வராமல் தவித்தவர்கள் பலர். அவர்களை மீட்க 2015-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

வில்லங்கம் பார்க்காமல் யாரும் சொத்து வாங்குவதில்லை. இந்தத் தீவில் அதை வக்கீல் மட்டும் பார்த்தால் போதாது. இந்தக் கிணற்றை வெட்டியது யார், இந்த அத்தியை நட்டது யார், அவர்கள் இப்போது எங்கே என்று வாங்குகிறவரே ஊரில் கேட்க வேண்டும். சங்கடமான பதில் வந்தால் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிட வேண்டும்.

நேசம் போதுமா

ஆங்கில எழுத்தாளர் லாரன்ஸ் டரல் 1953-ல் இந்தத் தீவுக்கு வந்தார். வடக்கே பெல்லபைஸ் கிராமத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டார். கிரேக்கம் பேசுவார். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து குடித்தார். நிக்கோசியாவில் ஒரு கிரேக்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். பிறகு காலனி அரசின் செய்தித் துறையில் அதிகாரியானார். 1955 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஆயுதப் போராட்டம் தொடங்கியது. நண்பர்கள் ஒரு பக்கம், சம்பளம் ஒரு பக்கம் என்றானது. 1956-ல் தீவைவிட்டுப் போய்விட்டார். அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் எழுதிய ‘பிட்டர் லெமன்ஸ்’ 1957-ல் வெளிவந்தது. அவரோடு உட்கார்ந்து பேசிய கிராமத்துக் கிரேக்கர்களும் 1974-க்குப் பிறகு அந்த ஊரில் இருக்க முடியவில்லை.

அவர் இந்த ஊரை நேசித்ததில் எனக்குச் சந்தேகமில்லை. மொழி தெரிந்தும், வீடு இருந்தும், நட்பு இருந்தும் அது போதாமல் போனது. ஒரு நிலத்தை நேசிப்பதும் அந்த நிலத்து மக்களுக்கு நேர்வதில் பங்கெடுப்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு அழகு கண்ணில் பட்டால் போதும். பின்னதற்கு, நெருக்கடி வரும்போது எங்கே நிற்கப்போகிறோம் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும்.

காப்பிக்கடை

1878 முதல் 1960 வரை பிரிட்டிஷ் கையில் இருந்த தீவு. வண்டிகள் நம் ஊரைப்போல இடப்பக்கம் ஓடுகின்றன. சுவரில் மூன்று துளைப் பிளக். கடையில், வங்கியில், மருத்துவரிடத்தில் ஆங்கிலம் போதும். ஆகவே இங்கே இருபது ஆண்டு வாழ்ந்தும் ஒரு வாக்கியம் கிரேக்கம் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். வசதியே வேலியாகிவிட்டது.

ஊர் நடுவே காப்பிக்கடை. சிறிய நீள்கைப் பாத்திரத்தில், மிக மெலிதாக அரைத்த தூளும் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து அடுப்பில் வைக்கிறார்கள். நுரை விளிம்புவரை எழும். பொங்குவதற்கு முன் இறக்க வேண்டும். கூடவே ஒரு தம்ளர் குளிர்ந்த நீர். பெரியவர்கள் தாயக்கட்டை உருட்டிக் காய் நகர்த்திக்கொண்டிருப்பார்கள். நம் மழலைக் கிரேக்கத்தில் சர்க்கரை இல்லாமல் ஒரு காப்பி என்று சொன்னால், உருட்டிய கட்டையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்து, சொல்லைத் திருத்திக் கொடுப்பார்கள். வயதான காலத்தில் பிழை திருத்தப்பட இடம் கொடுப்பதே ஒரு பணிவு. அவர்களுக்கும் அதில் ஒரு சந்தோஷம். பள்ளிக்கூடம் மூடிய ஊரில் சொல்லிக்கொடுக்க ஒருவர் கிடைத்திருக்கிறார்.

கைகள்

ஞாயிற்றுக்கிழமை நிக்கோசியாவின் பூங்காவில் இலங்கை, பிலிப்பைன்ஸ், நேபாளம், வியட்நாமிலிருந்து வந்த பெண்கள் கூடுகிறார்கள். வாரத்தில் அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான். பாய் விரித்து, டப்பாச் சோற்றைப் பகிர்ந்து, ஊருக்குப் பேசுகிறார்கள். தீவின் முதியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நடக்கவைப்பவர்கள் இவர்கள். வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டது இவர்களின் இருப்பு அனுமதி.

மலையகத்திலிருந்து வந்த ஒரு பெண் நான் தமிழ் பேசுவதைக் கேட்டுத் திரும்பினாள். “இங்க ஒரு பாட்டிக்கு நான் ஊட்டுறேங்க ஐயா. அங்க எங்கம்மாவுக்கு என் மக ஊட்டுறா” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள்.

2021 ஜூலையில் அரகபாஸ் அருகே மூண்ட காட்டுத்தீயில் நான்கு பேர் இறந்தார்கள். நால்வரும் எகிப்திலிருந்து வயல் வேலைக்கு வந்தவர்கள். ஓய்வெடுக்க வருகிறவர் மேலும், உழைக்க வருகிறவர் மேலும் ஒரே வெயில்தான். நம் ஓய்வு யாருடைய உழைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காத ஓய்வில் அமைதி கிடையாது. முறையான கூலி, முழு விடுமுறை நாள், பெயர் சொல்லி அழைக்கும் மரியாதை: குடியேறியவர் தன் வீட்டிலிருந்தே தொடங்கக்கூடியவை இவை.

ஸீனோ

இந்தத் தீவைவிட்டுப் போய் வேறோர் ஊரில் முதுமை கண்ட ஒருவரையும் நினைத்துக்கொள்கிறேன். இன்றைய லார்னகா இருக்கும் இடத்தில் அன்று கிடியோன் என்ற நகரம் இருந்தது. அங்கே பிறந்த ஸீனோ ஏதென்ஸ் போய், ஸ்டோயிக் தத்துவத்தைத் தோற்றுவித்து, அங்கேயே இறந்தார். ஏதென்ஸ் குடியுரிமை கொடுக்க முன்வந்தும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை என்று புளுடார்க் எழுதுகிறார். ஒரு குளியல் மண்டபத்தைச் செப்பனிட உதவியபோது கல்வெட்டில் அவர் பெயரைத் தத்துவவாதி ஸீனோ என்று பொறித்தார்களாம். கிடியோன் ஊரினர் என்பதையும் சேர்க்கச் சொன்னார் என்பது டயோஜினஸ் லேர்ஷியஸ் தரும் செய்தி. அவர் இறந்ததும் ஏதென்ஸ் பொதுச் செலவில் கல்லறை கட்டியது.

பிறந்த ஊரை மறுக்காமலே, வந்த ஊருக்கு முழுதாகத் தன்னைத் தரலாம் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஏதென்ஸிடமிருந்து அவர் உரிமையை வாங்கிக்கொள்ளவில்லை. கற்பித்தலைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மரியாதையைப் பின்னால் அந்த ஊரே தந்தது.

போக நினைப்பவர்களுக்கு

அறுபதை நெருங்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வீட்டை ஏப்ரலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; சஹாராவின் தூசி ஏறிய வானத்தையும், ஆகஸ்ட்டின் அனலையும், ஜனவரியின் ஈரத்தையும் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஓய்வூதியத்துக்கு வரி குறைவு என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் உண்டு. சட்டம் மாறும், அதை மட்டும் நம்பி வராதீர்கள். 2019-ல் தொடங்கிய பொது மருத்துவத் திட்டத்தில் உங்களுக்கு இடமுண்டா என்று விசாரியுங்கள். மனையின் கதையைக் கேளுங்கள். மொழியில் ஒரு நூறு சொல்லாவது கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீரை அளந்து செலவிடுங்கள். இதற்கெல்லாம் மனமில்லையென்றால் விருந்தினராக வந்து போங்கள். தீவு விருந்தினரை அன்பாகவே நடத்துகிறது.

முதுமையில் கடன் கூடாது என்பார்கள் பெரியவர்கள். பணத்தைப் பற்றி அது சரி. ஆனால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை, யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்ற நிலையில் மனிதர் வேகமாகச் சோர்ந்துபோவதை இந்தக் கரையில் நிறையப் பார்க்கிறேன். நல்ல வீடு, நல்ல வெயில், நல்ல சேமிப்பு எல்லாம் இருந்தும் பகல் நீளமாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏழு ஜாடி திருப்பித் தர வேண்டியவருக்குக் காலையில் எழக் காரணம் இருக்கிறது. எந்தத் தீவிலும் எந்த வயதிலும், நான் தேடவேண்டியது அந்தக் காரணத்தைத்தான்.